நைட் டூட்டி முடிஞ்சு ஜெபிக்க உட்கார்ந்தா உறங்கிடுறேன், யாருக்காவது இப்படி இருக்கா?

மல்லிப்பூ:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேர்ல யார்கிட்டயும் கேக்க கூச்சமா இருக்கு அதான் இங்க கேக்கேன். நான் ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில் பக்கம், ஐசியூல. மாசத்துல பாதி நாள் நைட், ராத்திரி 8 மணிக்கு ஏறினா காலைல 8 மணிக்கு ஹேண்ட் ஓவர் குடுத்து வீடு வந்து சேர ஒன்பதாயிடும், அதுக்குள்ள பையன அவங்க அப்பா ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டிருப்பாங்க, நான் குளிச்சிட்டு கட்டில் ஓரத்துல பைபிள மடில வச்சிட்டு உட்காருவேன், காதுக்குள்ள மானிட்டர் சத்தம் அப்பவும் ஓடிட்டே இருக்கும். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவேன்னு ஆரம்பிச்சா ஆகாரம் வர்றதுக்குள்ள உறங்கியாச்சு. முழிச்சா மணி ரெண்டு, பைபிள் பக்கம் என் முழங்கைக்கு அடில கசங்கி கிடக்கும்.

ஞாயித்துக்கிழமை இதவிட மோசம். சனி நைட் பாத்துட்டு நேரா ஆராதனை, கொயர்ல ஆல்டோ பாடணும், அப்புறம் சண்டே ஸ்கூல்ல சின்ன பிள்ளைங்க கிளாஸ், மாசத்துல ஒரு நாள் பெண்கள் ஐக்கிய சங்கம் வேற. ஓய்வுநாள்னு பேரு, எனக்கு வாரத்துலயே ஓய்வு இல்லாத நாள் அது ஒண்ணுதான்.

போன வாரம் சங்கத்துல ஒரு அக்காகிட்ட வாய் தவறி இத சொல்லிட்டேன். "ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக்கூடாதான்னு ஆண்டவர் கேட்டாரே, வாசிச்சது இல்லியா"ன்னு கேட்டுட்டாங்க. அன்னைக்கு டூட்டி பூரா அதே மனசுல ஓடிச்சு. ராத்திரி பூரா முழிச்சிருக்கிறதுதான என் வேலையே, ஆண்டவருக்குன்னு வரும்போது மட்டும் பத்து நிமிஷம் முழிக்க முடியல. வாட்ஸ்அப்ல அதிகாலை 4 மணி ஜெபத்துக்கு வாங்கன்னு தினமும் மெசேஜ் வருது, 4 மணிக்கு நான் பேஷன்ட்ட திருப்பி படுக்க வச்சிட்டு இருப்பேன். நீங்கல்லாம் எப்படி நேரம் எடுக்குறீங்க?

குமரி_அண்ணாச்சி:

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். தப்பா எடுக்காண்டாம். நேரம் இல்லைன்னு சொல்லுத நிறைய பேருக்கு ரீல்ஸ் பாக்க மட்டும் நேரம் இருக்கு, உங்கள சொல்லல பொதுவா சொல்லுதேன். எங்க அப்பா ரப்பர் பால் வெட்டப் போவாரு, நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு விடியுததுக்கு முன்னயே தோட்டத்துல நிக்கணும். அதுக்கும் முன்ன எழும்பி முழங்கால் போட்டு எங்க எல்லார் பேரையும் சொல்லி ஜெபிச்சிட்டுதான் கத்திய எடுப்பாரு. மார்க் 1:35 பாருங்க, அதிகாலையில் இருட்டோடே எழுந்து புறப்பட்டாருன்னு இருக்கு. மனசு வச்சா முடியும்.

பென்ஷன்_டீச்சர்:

மக்ளே, அந்த அக்கா மத்தேயு 26ல 40ஆம் வசனத்தோட புத்தகத்த மூடிட்டாங்க போல. அடுத்த வசனத்துலயே ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளதுன்னு அவரே சொல்லுதாரு, 45ல இனி நித்திரைபண்ணி இளைப்பாறுங்கள்ங்காரு. அன்னைக்கு கெத்செமனே தோட்டத்துல உறங்கின சீஷன் பேதுருவ அதுக்காக யாரும் சங்கத்துல வச்சு கேள்வி கேக்கல.

எலியா தீர்க்கதரிசிய எடுத்துக்கோ. 1 இராஜாக்கள் 19. சூரைச்செடிக்கு அடில போய் போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கோன்னு சொல்லிட்டு படுத்து உறங்கிடுதாரு. தூதன் வந்து தட்டி எழுப்பி ஏன் ஜெபிக்கலன்னா கேட்டான்? எழுந்திரு சாப்பிடுன்னான், தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலைமாட்டுல இருந்துச்சு. சாப்பிட்டுட்டு மறுபடியும் உறங்கிட்டாரு மனுஷன், தூதன் மறுபடியும் எழுப்பி அதயேதான் சொன்னான். தேவன் அவர்கிட்ட பேசின ஓரேப் மலையும் அந்த மெல்லிய சத்தமும் இதுக்கெல்லாம் அப்புறம்தான் வருது.

அண்ணாச்சி மார்க் 1 சொன்னாரு, நான் மார்க் 6 சொல்லுதேன். சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்கள கொஞ்சம் இளைப்பாறுவோம் வாங்கன்னு படகுல கூட்டிட்டு போறாரு, போய் சேருததுக்குள்ள ஜனங்க கரைவழியா ஓடி வந்து அங்க நிக்கிது. அன்னைக்கு போட்ட பிளான் பூரா போச்சு. அஞ்சாயிரம் பேருக்கு சாப்பாடு குடுத்து முடிச்சப்புறம் சீஷர்கள படகுல ஏத்தி அனுப்பிட்டு, கூட்டத்தையும் அனுப்பிட்டு, தனியா மலைக்கு போய் ஜெபிக்காரு, அது சாயங்காலம். காலைல கிடைக்கலன்னா அன்னைக்கு கிடைக்கவே இல்லைன்னு அர்த்தம் இல்ல மக்ளே. ஆனா அனுப்ப வேண்டியவங்கள அனுப்பிட்டுதான் போனாரு, அத நல்லா கவனி. கொயரும் சண்டே ஸ்கூலும் ரெண்டும் நீயேதான் சுமக்கணுமா? ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணுத சபை ஐயருமார், அதான் போதகருங்க, பலபேரு திங்கக்கிழமைய ஓய்வா வச்சிருக்காங்க, உனக்கு மட்டும் வேற நாள் வச்சுக்க கூடாதுன்னு யாரு சொன்னா.

காவேரிக்கரை:

நான் கத்தோலிக்கம், குளித்தலை பக்கம். பதில் சொல்லலாமான்னு தயங்கினேன் ஆனா உங்க கேள்வி எனக்கும் பழக்கமானது. எங்க ஊர் தண்ணீர்பள்ளில சாந்திவனம் ஆசிரமம் இருக்கு, 1950ல ரெண்டு பிரெஞ்சு சாமியார்கள் ஆரம்பிச்சது. எங்க அம்மா இறந்த வருஷம் அங்க மூணு நாள் போய் தங்கினேன். பெருசா ஏதோ அனுபவம் வரும்னு எதிர்பார்த்து போனேன், முதல் நாள் குடிசைக்குள்ள படுத்தவன் சாயங்கால செபத்துக்கு மணி அடிச்சதுகூட தெரியாம தூங்கிட்டேன். வெக்கமா போய் அங்க இருந்த ஒரு சாமியார்கிட்ட சொன்னேன், அவரு காய் நறுக்கிட்டே "உடம்பு முதல்ல வந்து சேந்துருக்கு, மனசு பின்னாடி வரும்"னு சொல்லிட்டு என்கிட்ட ஒரு கத்திய நீட்டினாரு. ரெண்டாவது நாள் காவேரிக்கரைல அரை மணி நேரம் சும்மா உட்கார முடிஞ்சுது. தண்ணி கொஞ்சமாதான் ஓடுச்சு, மணல்தான் அதிகம்.

குழந்தை தெரசம்மாள் கேள்விப்பட்டிருப்பீங்க, 15 வயசுல கார்மேல் மடத்துக்கு போய் 24 வயசுல 1897ல இறந்தவங்க. செப நேரத்துல வருஷக்கணக்கா தூங்கி விழுந்ததா அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதுக்காக கவலைப்படல, பிள்ளை முழிச்சிருந்தாலும் தூங்கினாலும் பெத்தவங்களுக்கு பிரியம் ஒண்ணுதான்னு விட்டுட்டாங்க. அவங்களுக்கு திருச்சபை புனிதர் பட்டம் குடுத்துருக்கு.

இன்னொண்ணு, வனத்து அந்தோனியார்ங்கிற பழைய துறவி கதை. எகிப்து பாலைவனத்துல சீடர்களோட சிரிச்சு பேசிட்டு இருந்தாராம், அத பாத்த ஒரு வேட்டைக்காரனுக்கு முகம் சுளிச்சுது. வில்ல வளைச்சு அம்பு விடுன்னாரு, விட்டான். இன்னும் வளைன்னாரு, இன்னும் வளைன்னாரு. இதுக்கு மேல வளைச்சா ஒடிஞ்சிரும்னு அவனே சொன்னான். எங்க ஆளுங்களும் அப்படித்தான்ப்பான்னாராம்.

கேப்_டிரைவர்_சென்னை:

சிஸ்டர் நானும் நைட்டுதான், ஐடி கம்பெனிக்கு வண்டி ஓட்டுறேன். முன்னாடி ஆடியோ பைபிள் போட்டுட்டே ஓட்டுவேன், ட்ரிப்புக்கு நடுவுல பிரசங்கம் கேப்பேன், நல்லா ஜெபிக்கிறோம்னு ஒரு நெனப்பு. ஒருநாள் போன் சார்ஜ் செத்துப்போச்சு, கடைசி டிராப் முடிச்சு வண்டிய ஓரங்கட்டி உட்கார்ந்தேன், பத்து நிமிஷத்துல ஏன்னே தெரியாம அழுதுட்டேன். அதுவரைக்கும் நான் போட்டதும் ஒரு சத்தம்தான்னு அப்பதான் தோணுச்சு. இப்ப வீட்டு தெருமுனைல வண்டிய ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுதான் உள்ள போவேன். ஒண்ணும் கேக்க மாட்டேன், சில நாள் சங்கீதம் 23 மட்டும். வீட்டுக்குள்ள போயிட்டா அவ்ளோதான், அங்க கேஸ் தீந்துருக்கும். நீங்க கட்டில்ல உட்காருறதுதான் தப்பு, கட்டில பாத்தா யாருக்குதான் தூக்கம் வராது.

குமரி_அண்ணாச்சி:

டீச்சர், அந்த 45ஆம் வசனம் கடிஞ்சுகிட்டு சொன்னதுன்னும் வியாக்கியானம் இருக்கு, அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா பால் எடுத்து ஊத்திட்டு வந்து மத்தியானம் சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் உறங்குவாரு, நாங்க யாரும் வீட்டுக்குள்ள சத்தம் போடப்படாது. காலைல அத எழுதாம விட்டுட்டேன். சிஸ்டர் மன்னிக்கணும்.

மல்லிப்பூ:

அண்ணாச்சி மன்னிப்பெல்லாம் எதுக்கு, அப்பா கதை நல்லா இருந்துச்சு. டீச்சர், "அனுப்பிட்டுதான் போனாரு"ன்னு நீங்க எழுதினத என் வீட்டுக்காரருக்கு வாசிச்சு காட்டினேன், அப்ப சண்டே ஸ்கூல நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாங்க, சின்ன பிள்ளைங்க கிளாஸ்னு இன்னும் தெரியாது, முதல் வாரம் பாவம். கொயர் விட மனசு வரல, ஆனா சனி நைட் வந்தா மறுநாள் பாட மாட்டேன்னு லீடர்கிட்ட சொல்லியாச்சு, முகம் கொஞ்சம் வாடினாங்க.

நேத்து டூட்டி முடிஞ்சு வந்து பைபிள எடுக்காம நேரா படுத்தேன். மூணு மணிக்கு எழும்பி ஒரு கிளாஸ் கட்டன் டீ போட்டுட்டு மொட்டைமாடில சின்டெக்ஸ் டேங்க் நிழல்ல போய் இருந்தேன். பக்கத்து வீட்டுல அம்மிக்கல்லு சத்தம், தூரத்துல ஒரு ரயிலு. என்ன ஜெபிச்சேன்னு சொல்ல தெரியல, பெட் 4ல இருக்க தாத்தா பேர மட்டும் ரெண்டு தடவ சொன்னேன். அப்புறம் ஸ்கூல் வேன் ஹார்ன் கேட்டுச்சு, இறங்கி வந்துட்டேன்.