பொருள்: டியூனபிள் டையோடு லேசர் – ‘அலைவருடு லேசர்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்கிராம்ஜெட் (ஒலியை மிஞ்சி ஓடும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் எஞ்சின்) எரியறையில், அலைநீளத்தை மாற்றத்தக்க டையோடு லேசரைச் செலுத்தி வாயுவின் வெப்பநிலையை அளக்கும் முறைக்கு ‘லேசர் வெப்பமானி’ என்ற பெயரே போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். சுருக்கமான பெயர்தான். ஆனால் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் துப்பாக்கி வடிவக் கருவியை எடுத்துத் தருவார்கள். அதில் லேசர் குறிபார்க்க மட்டுமே. அளக்கப்படுவது பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர். நாம் பேசும் முறையில் அளப்பதே லேசர்தான். வெப்பநிலையோடு வாயுக்கலவையும் தெரியவருகிறது.

ஒலியை மிஞ்சி ஓடும் வாயுவுக்குள் வெப்ப இரட்டையை (தெர்மோகப்பிள் எனும் வெப்பநிலை உணரி) செருகினால் அதன் முன்னே அதிர்ச்சி அலை எழும். அளக்க வந்த ஓட்டமே மாறிவிடும். அதனால் சன்னல் வழியே லேசர் கற்றையை அனுப்பி மறுபக்கம் பிடிக்கிறார்கள். டையோடின் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கினால் அலைநீளம் சற்று நகரும். 1.4 மைக்ரோமீட்டரை ஒட்டி நீராவிக்கு உட்கவர் கோடுகள், அதாவது அது ஒளியை உறிஞ்சும் குறிப்பிட்ட அலைநீளங்கள், நிறைய உண்டு. லேசர் ஒரு கோட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நகர்ந்தால் கோட்டின் முழு வடிவமும் பதிவாகிவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நகர்த்தலாம். சரியாகத் தேர்ந்த இரண்டு கோடுகளின் பரப்பு விகிதம் வெப்பநிலையைத் தரும். அப்புறம் அழுத்தமும் கற்றை கடந்த தொலைவும் தெரிந்தால் நீராவி எவ்வளவு என்று கணக்கிடலாம். 2012இல் ஹவாயிலிருந்து ஏவப்பட்ட ஹைஃபயர்-2 ஸ்கிராம்ஜெட் இத்தகைய உணரியைச் சுமந்தே பறந்தது.

‘டியூனபிள்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘இசைவிக்கத்தக்க லேசர்’ என்ற முன்மொழிவு எனக்கு ஒப்பவில்லை. வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல ஓரிடத்தில் நிறுத்திவிடுவதாகப் பொருள்படுகிறது. போதாக்குறைக்கு ‘ஒத்திசைவு’ என்பதை ரெசொனன்ஸுக்கும் (ஒத்ததிர்வு) சிலர் வழங்குகிறார்கள். இங்கே லேசர் நிற்பதே இல்லை, கோட்டை வருடிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனருக்கு ‘வருடி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் ‘அலைவருடு லேசர் உட்கவர் அளவீடு’ என்று முன்மொழிகிறேன். ஆங்கிலப் பெயரின் கடைசியில் ஸ்பெக்ட்ராஸ்கோபி வருகிறதே என்று ‘நிறமாலையியல்’ என்று துறைப்பெயரை ஒட்டவைக்க வேண்டியதில்லை. இது ஓர் அளவீட்டு முறை.

இன்னொன்று, பல லேசர் கற்றைகளை ஓரிடத்தில் சந்திக்கவைத்து வெப்பநிலை அளக்கும் கார்ஸ் (CARS) முறையையும் இதே பெயருக்குள் அடைக்க வேண்டாம். அதற்கு ‘ஓரியல் எதிர்-ஸ்டோக்ஸ் ராமன் சிதறல்’ பொருந்துகிறது. அது கற்றைகள் வெட்டிக்கொள்ளும் சிறு இடத்தின் வெப்பநிலையைச் சொல்லும். அலைவருடு முறையில் கிடைப்பது கற்றை கடந்த பாதை முழுவதற்குமான மதிப்பு. சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் கலந்தே வரும்.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பாடநூல்களில் ‘உட்கவர்’ வழங்குகிறதா, ‘உறிஞ்சல்’ வழங்குகிறதா?