நின்றுபோன முதியோர் உதவித்தொகை: மேல்முறையீடா, புது விண்ணப்பமா?

கோத்தகிரி பக்கம், எஸ்டேட் லைன் வீடு. பாட்டிக்கு 78 வயது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, கொழுந்து பறித்தே ஓய்ந்தவர். மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்த உதவித்தொகை மார்ச்சிலிருந்து இல்லை. மறுஆய்வில் பெயரை நீக்கிவிட்டார்களாம். காரணம், ரேஷன் கார்டில் மகன் பெயர். அந்த மாமா திருப்பூர் போய் ஒன்பது வருடம், ஒரு பைசா அனுப்பியதில்லை. அரசு மிச்சம் பிடிக்கப் பாட்டிதான் கிடைத்தாரா?

கார்டில் மாமா பெயரை எடுத்தாச்சு. இரண்டு மனு, முதல்வர் உதவி எண் 1100-ல் புகார், அப்புறம் ஊட்டியில் திங்கட்கிழமை குறைதீர் நாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. ரசீதுகளைப் பாட்டி வெற்றிலைப் பையில் சுருட்டி வைத்திருக்கிறார், சுண்ணாம்புக் கறையோடு. கடையில் பால் கணக்கு ஏறுகிறது.

நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா, உங்களில் யாருக்காவது எது பலித்தது?