கத்தோலிக்கப் பங்கில் (ஊர்க் கோயிலைச் சேர்ந்த சபையில்) நடந்தது, இன்னும் மனத்தை விட்டுப் போகாதது: பகிருங்கள்

கடற்கரைத் தெரு:
2020 ஜூலையில் எங்கள் ஆச்சி இறந்தார். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்றிருந்த காலம். எங்கள் ஊரில் சாவு வீடு என்றால் அன்பியத்துக்காரர்கள், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவினர், முறைவைத்து வந்து விடிய விடிய செபமாலை சொல்வார்கள். கடுங்காப்பி ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு வாசலில் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

இரவு பத்து மணிக்குக் கோயில்பிள்ளை, கோயிலில் மணி அடித்துப் பணிகளைப் பார்ப்பவர், வந்தார். உள்ளே வரவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே தெருவில் நின்றபடியே சிலுவை அடையாளம் போட்டு, செபமாலையில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் பகுதியான துக்க தேவரகசியங்களைத் தொடங்கினார். உள்ளே நாங்கள் நான்கு பேர் பதில் சொன்னோம். அவருடைய செபமாலையில் ஒரு மணி உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தார். நான்காம் பத்தில் முடிச்சு விரலுக்கு வந்தது. மணியைப் பிடிப்பது போலவே அதையும் பிடித்து, ஓர் 'அருள் நிறைந்த மரியே'வை முழுதாகச் சொன்ன பிறகுதான் அடுத்த மணிக்கு நகர்ந்தார். முடிந்ததும், "காலையில் ஆறு மணிக்குத் துக்க மணி அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

மறு வருடம் மகள் ஊருக்குப் போனவர் அங்கேயே இறந்தார். அவருக்காக ஒரு பூசை எழுதி வைக்க பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் கேட்டார்கள். இருபத்தைந்து வருடமாக அவரைக் கோயில்பிள்ளை என்றே கூப்பிட்டிருக்கிறேன். அலுவலகத்தில் இருந்த பையன் புதியவன், அவனுக்கும் தெரியவில்லை. எழுதாமலே திரும்பி வந்தேன்.

நடைப்பயணி:
வேளாங்கண்ணிக்கு ஆறு வருடமாக நடக்கிறேன். காவி உடுப்பு, சப்பரம், கொப்புளம் எல்லாம் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வருடம், நாகப்பட்டினம் வருவதற்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அம்மா. எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு என்னை மட்டும் தனியே அழைத்து, மஞ்சள் துணியில் முடிந்த பதினொரு ரூபாயைக் கையில் வைத்தார். "மாதா உண்டியலில் போட்டுவிடு தம்பி. மகளுக்கு மூன்று முறையும் தங்கவில்லை."

ஆகஸ்ட் 29, கொடியேற்றக் கூட்டம். எங்கள் குழு சிதறிவிட்டது, பையை வேறொருவர் எடுத்துப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போதுதான் பையின் அடியில் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயில் உண்டியலில் போட்டேன். மறு வருடம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மாதா எங்கிருந்தாலும் மாதாதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் மனம் ஏற்கவில்லை.

உபதேசியார் மகன்:
மனம் ஏற்காததுதான் சரி, தம்பி. திருச்சபைச் சட்டம் 1267, மூன்றாம் பத்தி: விசுவாசிகள் ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். அந்த அம்மா திருமுழுக்குப் பெறாதவர், அவருக்கு இது பொருந்தாது என்று யாரும் வாதிட வர வேண்டாம். நேர்ச்சை நேர்ச்சைதான். உங்கள் கையிலிருந்து பதினொரு ரூபாய் எடுத்து, அதே போல மஞ்சள் துணியில் முடிந்து, வேளாங்கண்ணியில் போட்டுவிடுங்கள். செப்டம்பர் 8 வரை காத்திருக்க வேண்டாம், சாதாரண நாளில் போனால் நெரிசல் இல்லாமல் நின்று வேண்டலாம். இனி நடக்கும்போது யார் எது கொடுத்தாலும் பையில் போடாதீர்கள். சட்டைப் பையில் ஊக்கு குத்தி வையுங்கள். கொடுத்தவர் ஊரையும் வேண்டுதலையும் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததும் குளிப்பதற்கு முன்பே உண்டியலுக்குப் போங்கள். என் அப்பா இப்படித்தான் செய்வார்.

என் அனுபவம் சிறியது. பெரிய வியாழன் அன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார் அல்லவா? எங்கள் பங்கில் முதல் முறை அழைக்கப்பட்டவர் கோயில் பெருக்கும் அம்மா. பெஞ்சில் உட்கார்ந்தவர், வெடித்த குதிகால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார், நீட்டவே இல்லை. சாமியார் முழங்காலில் காத்திருந்து பார்த்து, சேலைக் கரையோடு சேர்த்தே தண்ணீர் ஊற்றினார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரைக் கொடுத்தவன் நான்.

தெற்கு வாசல்:
கடற்கரைத் தெரு அண்ணன் மன்னிக்க வேண்டும். அன்பியத்துக்காரர்கள் முறைவைத்து வருவார்கள் என்கிறீர்கள். எந்தத் தெருவுக்கு? திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910-இல் இடித்தார்கள். எங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் இன்னும் நிற்கிறது, வாசலும் இரண்டு.

நவம்பர் 2-ஆம் தேதி கல்லறை மந்திரிப்பு (சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பது) எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொடங்கும். ஒரு வருடம் எங்கள் பக்கம் வரும்போது தீர்த்தச் செம்பு காலி. அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. சாமியார் வெறும் கோலை உதறிவிட்டு நகரப் பார்த்தார். செம்பு பிடித்திருந்த பீடச் சிறுவன், அந்தத் தெருப் பிள்ளை, பத்து வயது இருக்கும், "நில்லுங்கள் சாமி" என்று சொல்லிவிட்டு ஓடினான். குழாய் அடியிலிருந்து செம்பை நிறைத்து, அங்கி முன்பக்கமெல்லாம் நனைய வந்து நின்றான். சாமியார் அங்கேயே அந்தத் தண்ணீரை மந்திரித்துத் தெளித்தார்.

சுவரை எடுக்கக் கேட்டு மனு எழுதினேன். எங்கள் தெருவிலேயே ஏழு வீட்டார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கடற்கரைத் தெரு:
நீங்கள் கேட்டது சரி. எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். அன்றிரவு அவர் வேறு எந்த வாசல்களில் நின்றுவிட்டு வந்தார் என்று நான் விசாரித்ததே இல்லை.

மெழுகுவர்த்தி:
அண்ணன், எங்கள் பங்கில் கல்யாணப் பதிவேட்டில் சாட்சி குறைந்தால் கோயில்பிள்ளைதான் கையெழுத்துப் போடுவார். உங்கள் ஊரிலும் பழைய பதிவேட்டைப் பாருங்கள்.

கடற்கரைத் தெரு:
என் கல்யாணத்துக்கே அவர்தான் இரண்டாம் சாட்சி. இவ்வளவு நாளும் நினைவுக்கு வரவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போகிறேன்.