இழிவுப் பேச்சு: சிலருக்கு உடனே கைது, சிலருக்கு வெறும் கண்டனம். ஏன்?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். 2024 நவம்பர் 3 அன்று சென்னையில் தெலுங்கு பேசும் மக்களைப் பற்றி நடிகை கஸ்தூரி பேசினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முன்ஜாமீன் மறுத்தது, 16ஆம் தேதி ஹைதராபாத் போய்க் கைது செய்தார்கள். 2025 ஏப்ரலில், அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலோடு சேர்த்துப் பேசிய வீடியோ வெளியானது. கட்சிப் பதவி போனது, மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும் போனது. கைது இல்லை. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை முகநூலில் பகிர்ந்த எஸ்.வி.சேகருக்கு உயர் நீதிமன்றமே முன்ஜாமீன் மறுத்தது. அப்போதும் கைது இல்லை. ஜூனில் அவரே எழும்பூர் கோர்ட்டில் ஆஜராகி ஜாமீன் வாங்கிக்கொண்டார்.

ஆட்சி மாறினாலும் கதை மாறவில்லை. ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே சட்டம், வேகம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இந்த வித்தியாசம் எந்த இடத்தில் நுழைகிறது? சாதாரண ஆள் ஒருவர் புகார் கொடுத்தால் அது நிற்க என்ன செய்ய வேண்டும்? சட்டத்தை இன்னும் கடுமையாக்கினால் சரியாகிவிடுமா? கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்யெழுத்து எழுதியது:

சட்டப்பிரிவை வாசித்தால் பாரபட்சம் கண்ணில் படாது. எஃப்.ஐ.ஆர். போடுவது, கைது செய்வது, வழக்கு நடத்த அரசு அனுமதி தருவது: இந்த மூன்று வாசல்களில்தான் அது நுழைகிறது.

முதலில் பிரிவு. மதம், இனம், மொழி, சாதி போன்றவற்றின் பேரில் பிரிவினரிடையே பகை வளர்ப்பது பழைய இ.பி.கோ.வில் 153ஏ, இப்போது பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 196. மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் ஐந்து. மத உணர்வைப் புண்படுத்துவதற்கான 295ஏ இப்போது 299, அதற்கும் மூன்று ஆண்டுதான். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடலாம். இன்னும் சொல்லப்போனால், போட்டே ஆக வேண்டும். புகாருக்குக் காத்திருக்காமல், பேசியவரின் மதம் பார்க்காமல் வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் டெல்லி, உ.பி., உத்தராகண்ட் போலீசுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஏப்ரல் 28 அன்று அதை எல்லா மாநிலங்களுக்கும் நீட்டியது. தயங்கினால் அவமதிப்பு என்றும் எச்சரித்தது. அதற்குப் பிறகும் பொன்முடி விஷயத்தில் ஏன் எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்க வேண்டியிருந்தது.

அடுத்து கைது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயமில்லை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று காரணம் எழுத வேண்டும். 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது இதைத்தான். ஆக, தனிப்படை அனுப்புவதும் நோட்டீஸோடு விடுவதும் அதிகாரியின் விருப்புரிமை. அந்த அதிகாரிக்கு மேலே இருப்பது ஆட்சி.

மூன்றாவது வாசல்தான் பெரியது. 196, 299 இரண்டுக்கும் மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது. இது பி.என்.எஸ்.எஸ். 217, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 196. பேசியவர் ஆளுங்கட்சிக்காரர் என்றால் அவருடைய அரசே அவர்மீது கையெழுத்துப் போட வேண்டும். 2020 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் அனுராக் தாக்கூர் டெல்லித் தேர்தல் கூட்டத்தில் எழுப்பிய கோஷம் பற்றி மார்க்சிஸ்ட் தலைவர் பிருந்தா காரத் கொண்டுபோன வழக்கில், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடுவதற்கே அனுமதி வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னது. ஆரம்பத்திலேயே கதவை அடைக்கிற தீர்ப்பு அது.

இந்தக் கையெழுத்து ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(1). 153ஏ பிரிவில் வெறும் அபராதம் விழுந்தாலும் ஆறு ஆண்டுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. எந்த அரசு தன் அமைச்சர்மீது எளிதில் அனுமதி கொடுக்கும்?

இத்தனைக்கும் செல்வாக்குள்ளவருக்குப் பொறுப்பு கூடுதல் என்று உச்ச நீதிமன்றம் அமிஷ் தேவ்கன் வழக்கில் (2020 டிசம்பர்) தெளிவாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் செல்வாக்கு கவசமாகிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: சட்டமன்றத்துக்குள்ளோ நாடாளுமன்றத்துக்குள்ளோ பேசியதற்கு வழக்கே போட முடியாது. அரசியல் சாசனம் 105(2), 194(2) பாதுகாக்கிறது. 2023 செப்டம்பரில் மக்களவையில் பகுஜன் சமாஜ் எம்.பி. டேனிஷ் அலியை பா.ஜ.க. எம்.பி. ரமேஷ் பிதூரி மதத்தைச் சொல்லி ஏசியபோது வழக்கு வராமல், சபாநாயகரின் எச்சரிக்கையும் உரிமைக் குழு விசாரணையுமாக நின்றது அதனால்தான்.

ஆவணக்காரர் எழுதியது:

புகார் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். பெரும்பாலான புகார்கள் ஆதாரத்தில்தான் சாகின்றன.

முப்பது விநாடி கிளிப்பை வைத்துப் புகார் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு முழுப் பேச்சையும் போட்டுக்காட்டி "வெட்டி ஒட்டியது" என்று சொன்னால் கதை முடிந்தது. பேச்சை முழுமையாகத்தான் பார்க்க வேண்டும், தனி வரியைப் பிய்த்தெடுக்கக் கூடாது என்று மன்ஸர் சயீத் கான் வழக்கிலேயே (2007) தீர்ப்பு உண்டு. முழு வீடியோவையும் இறக்கி, லிங்க், கணக்கின் பெயர், பதிவேற்றிய தேதி, இறக்கிய நேரம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது வீடியோவைச் சுருக்கிவிடும், ஹாஷ் மதிப்பு (கோப்பின் டிஜிட்டல் கைரேகை) மாறிவிடும், அசல் என்று நிரூபிக்க முடியாது. பென்டிரைவில் நேரடியாகப் பதிந்து, பாரதிய சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழ் வையுங்கள் (பழைய 65பி). இப்போது அதில் இரண்டு பகுதி: முதல் பகுதியில் நீங்கள், இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பை அதிலேயே எழுத வேண்டும்.

ஆதாரத்தைச் சேமிக்கும் முன் யூடியூபிலோ முகநூலிலோ ரிப்போர்ட் அடிக்காதீர்கள். அவர்கள் நீக்கிவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பிறகு பேச்சை அப்படியே எழுத்தாக்குங்கள். வட்டார வழக்கைத் திருத்த வேண்டாம். எந்த நிமிடம், எந்த விநாடியில் எந்தச் சொல் என்று ஓரத்தில் குறியுங்கள்.

அடுத்து பிரிவு. "என் மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் 196 வராது. எந்தப் பிரிவினருக்கு எதிராக எந்தப் பிரிவினரை மூட்டிவிடுகிறார் என்று காட்ட வேண்டும். ஒரே ஒரு பிரிவை மட்டும் சொல்லி இன்னொரு பிரிவு படத்திலேயே இல்லையென்றால் குற்றமாகாது என்பது பிலால் அகமது காலூ (1997) தீர்ப்பு. மதம் என்றால் 299, ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் காட்ட வேண்டும். பெண்ணின் மானத்தைக் குறிவைத்த சொல் என்றால் 79. பட்டியல் சாதி, பழங்குடியினரை இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), (எஸ்), (யு) பார்க்க வேண்டும். அதில் அரசு அனுமதி தேவையில்லை, முன்ஜாமீனுக்குத் தடை உண்டு, டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிப்பார். மற்ற பிரிவுகளை விட அது வேகமாக நகர ஒரு காரணம் இது. தனி மனித அவதூறுக்கு (356) போலீஸிடம் போய்ப் பயனில்லை. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான சீட்டு) இல்லாமல் வெளியே வராதீர்கள். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் வரும் குற்றம் என்பதால் பி.என்.எஸ்.எஸ். 173(3)இன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்குப் பிறகும் எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகுதான் 175(3)இல் மாஜிஸ்திரேட், பிரமாணப் பத்திரத்தோடு. எஸ்.பி. படியைத் தாண்டிக் குதித்த மனுக்கள் அந்த ஒரு காரணத்துக்கே தள்ளுபடியாகின்றன.

பொறுமையும் வேண்டும். எஸ்.வி.சேகரின் 2018 பதிவுக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். எச்.ராஜாவின் 2018 பதிவுகளுக்கு, இரண்டு வழக்கில் தலா ஆறு மாதத் தண்டனை வந்தது 2024 டிசம்பர் 2 அன்று.

திண்ணைவாசி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அனுமதி வேண்டும் என்ற விதியே எடுக்கப்பட வேண்டும் என்று யாராவது முடிவுக்கு வந்தால், கொஞ்சம் நில்லுங்கள்.

2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் குஷ்பு கருத்துச் சொன்னார். யாரையும் ஏசவில்லை, யாருக்கு எதிராகவும் மூட்டிவிடவில்லை. தமிழ்நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளை ரத்து செய்தது 2010 ஏப்ரல் 28 அன்றுதான். ஐந்து ஆண்டு ஊர் ஊராக அலைச்சல். வழக்கில் ஜெயிப்பது புகார்தாரர்களின் நோக்கமாக இருக்கவே தேவையில்லை, அலையவிடுவதே தண்டனை. அரசு அனுமதி என்ற வடிகட்டி அப்படிப்பட்ட மந்தைப் புகார்களைத் தடுக்கவும் உதவும். அதன் கோளாறு, கால வரம்பு இல்லாததும் காரணம் சொல்லத் தேவையில்லாததும். இத்தனை நாளுக்குள் முடிவெடு, மறுத்தால் எழுத்தில் காரணம் கொடு என்று ஆக்கினாலே பாதிப் பாரபட்சம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் யார்மேல் விழும் என்பதற்கு 2025 மே மாதமே போதும். கர்னல் சோஃபியா குரேஷியைப் பற்றி மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா பேசினார். 14ஆம் தேதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் எஃப்.ஐ.ஆர். வந்தது. பதிவான விதமும் சரியில்லை என்று மறுநாள் அதே நீதிமன்றம் கண்டித்தது. கைது இல்லை. அதே நாட்களில், அதே அதிகாரியைக் குறிப்பிட்டு முகநூலில் எழுதிய பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாதை 18ஆம் தேதி ஹரியானா போலீஸ் கைது செய்தது. 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. கடுமையான சட்டம் இருந்திருந்தால் பேராசிரியருக்கு அந்த மூன்று நாள் மூன்று மாதமாகியிருக்கும். அமைச்சருக்கு எதுவும் மாறியிருக்காது.

இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலப் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. செத்த சட்டத்தையே இப்படிப் பயன்படுத்துபவர்கள் கையில் இன்னொன்றைக் கொடுக்க நான் தயாரில்லை.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2012இல் ஐ.நா.வின் ரபாட் செயல்திட்டம் ஆறு கேள்வி வைத்தது: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எவ்வளவு பேரை எட்டியது, உடனடித் தீங்குக்கு வாய்ப்பு எவ்வளவு. உங்களுக்குப் பிடித்த தலைவரின் பேச்சுக்கும் பிடிக்காதவரின் பேச்சுக்கும் இந்த ஆறையும் தாளில் எழுதிப் பதில் போட்டுப் பாருங்கள். "சூழலைப் பாருங்கள்" என்ற சலுகையை ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறோமா என்பது உடனே தெரிந்துவிடும்.

தாமிரபரணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு சிறு கேள்வி. கண்டிப்பதற்காக அந்த வீடியோவைப் பகிர்ந்தால் பகிர்ந்தவர் மாட்டுவாரா? தேர்தல் நேரத்தில் பேசினால் வேறு வழி உண்டா?

ஆவணக்காரர் எழுதியது:

பகிர்வதும் ஒப்புதலுக்குச் சமம் என்று சேகர் வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. "படிக்காமல் ஃபார்வர்டு செய்தேன்" என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. எனவே கிளிப்பை மட்டும் தட்டிவிடாதீர்கள். உங்கள் கண்டனத்தை அதே பதிவில், வீடியோவுக்கு மேலே எழுதுங்கள். நோக்கம்தான் 196இன் உயிர். அந்த வரிகள் உங்கள் நோக்கத்துக்குச் சாட்சி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில்லாமல் போடுவதுதான் ஆபத்து, அங்கிருந்து யார் எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது.

தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அந்த இடத்திலிருந்தே படமோ வீடியோவோ அனுப்பலாம், நடவடிக்கைக்கு 100 நிமிட இலக்கு. பழைய வீடியோவைக் கேலரியிலிருந்து ஏற்ற முடியாது, அந்தச் செயலியிலேயே எடுக்க வேண்டும். அது கைகூடாவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுத்துப் புகார். பகை வளர்க்கும் பேச்சுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125 தனியாக இருக்கிறது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆனாலும் பிரச்சாரத் தடை விரைவில் வரலாம்: 2019 ஏப்ரலில் யோகி ஆதித்யநாத்துக்கும் ஆசம் கானுக்கும் 72 மணி நேரம், மாயாவதிக்கும் மேனகா காந்திக்கும் 48 மணி நேரம் தடை விதித்தது ஆணையம். வெவ்வேறு கட்சிக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட அதே நாளில் வந்த உத்தரவுகள் அவை.