காரணம் சொல்லாமல் காவலர் அடையாள அட்டை கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நடைபாதையில் நின்றிருந்த என்னை ஒரு காவலர் நிறுத்தி, முகத்தில் கைவிளக்கை அடித்தபடியே அடையாள அட்டை கேட்டார், காரணம் கேட்டும் சொல்லவில்லை. எந்தக் குற்றமும் செய்யாதவரை இப்படித் தடுத்து வைக்கலாமா?

பதில் 1: கூடாது. குற்றம் குறித்த நியாயமான சந்தேகமின்றி ஒருவரை நிறுத்தி அடையாளம் கேட்பது அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு (நியாயமற்ற சோதனை, தடுத்துவைப்பு ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்கும் பிரிவு) முரணானது என்று, டெக்சாஸ் வழக்கொன்றில் 1979-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பதில் 2: ஒன்றைச் சேர்க்க வேண்டும். அத்தகைய சந்தேகத்தின்பேரில் முறையாக நிறுத்தப்பட்டவர் தம் பெயரைச் சொல்ல வேண்டுமென மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தலாம் என்பது 2004-ஆம் ஆண்டின் நெவாடா வழக்குத் தீர்ப்பு; அச்சட்டப்படி பெயரைச் சொன்னாலே போதும், அட்டையை நீட்ட வேண்டியதில்லை. வாகனம் ஓட்டும்போது மட்டும் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

பதில் 3: "நான் போகலாமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். போகலாம் என்றால் நகர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கே மல்லுக்கு நிற்காமல், நேரத்தையும் காவலரின் வில்லை எண்ணையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரை அணுகுங்கள்.