படகு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உடைந்துவிட்டது, அவசரம்

நீரோட்டம்:
வணக்கம். படகு எஞ்சின் பிளக்கைக் கழற்றும்போது உடைந்துவிட்டது. நல்ல துரு. மீதி உள்ளேயே நிற்கிறது. ஈஸி அவுட் (உடைந்த திருகை உள்ளிருந்து பிடித்துக் கழற்றும் கருவி) போட்டு எடுத்துவிடலாமா? நாளை மறுநாள் படகு இறங்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:
உடைந்தது எது? வெள்ளைப் பீங்கான் மட்டுமா, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணமும் சேர்ந்தா? பீங்கான் மட்டும் என்றால் பயமில்லை, பாக்ஸ் ஸ்பேனர் அப்படியே உட்காரும். அப்புறம், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா?

உப்புக்காற்று:
எதுவாக இருந்தாலும் சூடுதான் மருந்து. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிளக்கைச் சூடாக்காதீர்கள், அதைச் சுற்றியுள்ள ஹெட்டை, அதாவது சிலிண்டரை மூடும் அலுமினியத் தலையை, சூடாக்குங்கள். பிடி தளர்ந்துவிடும்.

சுக்கான்:
எஞ்சின் எது என்றுகூடச் சொல்லாமல் அவசரம் என்றால் யார் என்ன செய்ய முடியும்? வருடம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இந்த நிலை வராது. அடிப்படை தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் செலவு இரட்டிப்பாகும். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

நீரோட்டம்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்), டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். மேல் சிலிண்டர் பிளக். அறுகோணம் முறிந்து ஸ்பேனரோடு வந்துவிட்டது. மரைப்பகுதியும் பாதிப் பீங்கானும் உள்ளே இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஓடும் படகு. மூன்று வருடமாகக் கழற்றவில்லை.

தனித்துடுப்பு:
ஹெட் தனியாகக் கழலும் எஞ்சின்தானே? கழற்றி மேசைமேல் வைத்து வேலை செய்யுங்கள். துகள் உள்ளே விழும் கவலையே இல்லை.

கிரீஸ்கை:
தம்பி, அவசரப்படாதீர்கள். மூன்று வருடம் உப்பில் நின்ற எஞ்சினில் ஹெட் போல்ட்டும் இதே மாதிரிதான் இறுகியிருக்கும். ஒரு பிளக்குக்காக நான்கு போல்ட்டை முறிக்க வேண்டாம். ஹெட் கழற்றுவது கடைசி வழி.

உங்கள் பிளக்கைப் பிடித்திருப்பது துரு மட்டுமில்லை. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரை இடுக்கில் ஊதிப்போய் ஆப்பு அடித்ததுபோல் நிற்கும். அதனால் பலத்தைக் காட்டிப் பயனில்லை, ஊறவிட வேண்டும்.

முதலில் பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் குழாயையும் கழற்றுங்கள். பிளைவீலைக் கையால் சுற்றி அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை கெட்டுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே வைப்பது மிக முக்கியம். பிஸ்டன் கீழே இருந்தால் சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் திறந்திருக்கும், துகள் கிராங்க் அறைவரை போய்விடும். மேலே இருந்தால் எல்லாம் பிஸ்டன் தலையிலேயே தங்கும்.

துரு கழற்றும் ஸ்பிரேயை மரை ஓரத்தில் அடித்து இரவு முழுக்க விடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை திரும்ப அடியுங்கள். ஒரு இரும்பு பஞ்ச் (punch) வைத்து விளிம்பில் லேசாகத் தட்டினால் எண்ணெய் இறங்கும். காலையில் பீங்கானைச் சிறு துண்டுகளாக உடைத்து வேக்கூமில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சி எடுங்கள். ஒரு துண்டு தங்கினாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

ஈஸி அவுட்டில் சுருள் வகை வேண்டாம். அது உள்ளே போகப்போக பிளக்கின் மெல்லிய சுவரை விரித்து இன்னும் இறுக்கும். நேர்விளிம்பு உள்ள, சதுரமாகக் கூம்பும் வகையை எடுங்கள். அதன் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் துகள் ஒட்டிக்கொள்ளும். கால் சுற்று வந்ததும் திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. ஈஸி அவுட் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது, அதனால் நிதானம்.

உப்புக்காற்று:
எல்லாம் சரி, சூட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கிரீஸ்கை:
எண்ணெய் ஊறிய இடத்தில், பெட்ரோல் ஆவி உள்ள எஞ்சினில் நெருப்பா? ஹீட் கன் என்றாலும் எல்லாவற்றையும் துடைத்து, காற்றாட விட்ட பிறகுதான்.

தனித்துடுப்பு:
புது பிளக் போடும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். இனி இறுகாது.

சுக்கான்:
தவறான அறிவுரை. முலாம் பூசிய பிளக்குக்கு எதுவும் தடவக் கூடாது என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. கிரீஸ் வழுக்குவதால் அளவுக்கு மேல் இறுகி மரை நீளும். 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்.

தனித்துடுப்பு:
அந்த அளவு உலர்ந்த மரைக்கு. உப்பில் ஓடும் எஞ்சினுக்கு லேசாகத் தடவி, முறுக்கைக் குறைத்துக்கொண்டால் போதும். கடலில் ஓட்டும் பலரும் அப்படித்தான் செய்கிறோம்.

சுக்கான்:
எவ்வளவு குறைப்பது என்று அளவு சொல்லுங்கள் பார்ப்போம். உள்ளங்கைக் கணக்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது.

உப்புக்காற்று:
கிரீஸே வேண்டாம். சீசனுக்கு இரண்டு முறை கழற்றி மாட்டினால் எந்த பிளக்கும் இறுகாது.

நீரோட்டம்:
வந்துவிட்டது! இரண்டு இரவு ஊறவிட்டேன். இன்று காலை 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. மரை முழுக்க நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடி. ஹெட்டில் முதல் சுற்று லேசாகச் சிதைந்திருக்கிறது, ஆனால் புது பிளக் கையாலேயே இறங்குகிறது. கிரீஸ்கை அண்ணாவுக்கு மிக்க நன்றி.

கிரீஸ்கை:
மகிழ்ச்சி தம்பி. பீங்கான் துண்டு எல்லாம் வெளியே வந்துவிட்டதா? எடுத்ததைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பதில் போடுங்கள்.

கிரீஸ்கை:
தம்பி, பார்த்தீர்களா?