சூரியப் பிழம்பில் வன் எக்ஸ் கதிர் ஏன் முந்துகிறது?

தருமபுரி மாணவி:
முதுகலை இயற்பியல் பயில்கிறேன். இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா-எல்1-இன் சோலெக்ஸ் (மென் எக்ஸ் கதிர்), ஹெலியோஸ் (வன் எக்ஸ் கதிர்) கருவிகள் தந்த தரவுகளைக் கொண்டு ஒரு சூரியப் பிழம்பின் (சூரியனில் திடீரென ஆற்றல் வெடித்து வெளிப்படும் நிகழ்வின்) வரைகோடுகளை வரைந்தபோது, ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ் கதிர் சட்டென ஏறி இறங்கிய சில நிமிடங்களுக்குப் பிறகே ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர் உச்சத்தை எட்டியது. நிகழ்வு ஒன்றாயிருக்க உச்சங்கள் இரண்டானது ஏன்? எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளி), புற ஊதாப் படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

ஓசூர் வாசகர்:
காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது முடுக்கப்படும் எலக்ட்ரான்கள், காந்த வளைவின் இரு கால்கள் வழியே இறங்கி சூரியப் பரப்பை ஒட்டி மேலுள்ள அடர்ந்த நிறமண்டலத்தில் மோதித் தடைபடும் கணத்திலேயே வன் எக்ஸ் கதிர் பிறக்கிறது. அங்கே சூடேறும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) ஒரு கோடி கெல்வினையும் தாண்டி, மேலெழுந்து வளைவை நிரப்பிய பிறகே மென் எக்ஸ் கதிர் ஓங்குகிறது. முன்னது ஒகேனக்கல் நீர்வரத்து என்றால், பின்னது மேட்டூர் அணையின் நீர்மட்டம். வரத்து குறையத் தொடங்கினாலும், அது வெளியேற்றத்தைவிட மிகுந்திருக்கும் வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 1968-இல் வெர்னர் நியூபர்ட் சுட்டிய தொடர்பு இதுவே. மென் எக்ஸ் கதிரின் நேர வகைக்கெழுவை (அது நேரத்தோடு மாறும் வீதத்தை) வரைந்து, வன் எக்ஸ் கதிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி ஆசிரியர்:
எல்லாப் பிழம்புகளும் நியூபர்ட் சுட்டிய இத்தொடர்புக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படங்கள் கட்டாயம் தேவை. ஏனெனில் வரைகோடு நேரத்தைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. 656.3 நானோமீட்டர் எச்-ஆல்ஃபாவில் வளைவுகளின் அடிப்பகுதி இரு ஒளிப்பட்டைகளாகத் தெரியும். நாசாவின் சூரிய ஆய்வு விண்கலமான எஸ்.டி.ஓ.வின் 131 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒன்று) புற ஊதாப் படத்தில் கொதிக்கும் வளைவுகள் தெரியும், ஆறியபின் அவையே 171 ஆங்ஸ்ட்ராம் படத்தில் தோன்றும். 1992 ஜனவரி 13-ஆம் நாள் பிழம்பில், வளைவின் உச்சிக்கும் மேலே ஒரு வன் எக்ஸ் கதிர் மூலத்தை ஜப்பானின் யோகோ விண்கலம் படம்பிடித்திராவிட்டால், ஆற்றல் வெளிப்படும் இடம் வளைவுக்கு மேலே என்ற கருத்துக்கு அத்தனை வலு கிடைத்திராது. பிழம்புகளின் வலிமையைக் குறிக்கும் எம், எக்ஸ் என்னும் வகுப்புகளோ 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையிலான மென் எக்ஸ் கதிரின் உச்சத்தை மட்டுமே அளப்பவை. அவற்றுக்கு நாம் தரும் மதிப்பு சற்று அதிகம் என்றே கருதுகிறேன்.



தருமபுரி மாணவி:
நன்றி ஐயா. வகைக்கெழுவின் உச்சம் பொருந்துகிறது. ஆனால் ஹெலியோஸின் தாழ் ஆற்றல் பட்டை மட்டும் பிந்துகிறதே?

ஓசூர் வாசகர்:
அப்பட்டையில் வெப்பப் பிளாஸ்மாவின் கதிரும் கலந்திருக்கும். 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்டதை மட்டும் எடுத்து, பின்னணியைக் கழித்துவிட்டு மீண்டும் வரையுங்கள்.